மசாய் மாராவுக்கு ஒரு கணக்கு, மன்னாருக்கு ஒரு கணக்கு

சென்ற வாரம் ரொறன்ரோவிலிருந்து பள்ளித் தோழன் ஒருவன் எழுதியிருந்தான். மனைவி, பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவருடன் ஓகஸ்டில் கென்யாவுக்குச் சபாரி போகிறானாம். அங்கிருந்து இலங்கைக்கு வந்து பத்து நாள் நிற்பதாக உத்தேசம். "மச்சான், நீ பேப்பர்க்காரன், கணக்கு வழக்கு விளங்கும். நாலு பேருக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்டிருந்தான். கடிதத்தின் அடியில் இன்னுமொரு வரி: "மன்னாருக்கும் ஒரு நாள் ஓடிப் போட்டு வருவம் எண்டு யோசிக்கிறன். அங்க பிள்ளையளுக்குக் காட்ட என்ன கிடக்கு?"

1990 இல் பேசாலைக் கரையிலிருந்து இரவோடிரவாக வள்ளமேறி இராமேஸ்வரம் போனவன் அவன். அந்த இரண்டாவது கேள்வியை அவன் கேட்டிருக்க வேண்டாம். ஆயினும் கேட்டுவிட்டான். இதே கேள்வியோடு வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் கென்யக் கணக்கு. மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் இரண்டு வகை. ஜனவரியிலிருந்து ஜூன் வரை வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 அமெரிக்க டொலர். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200. சிறுவருக்குக் குறைவு. காட்டு மாடுகள் மாரா ஆற்றைக் கடக்கும் காலம் ஜூலைக்குப் பின்னர் என்பதால்தான் இந்த இரட்டிப்பு. மூன்று நாள் தங்கினால் கணவன் மனைவி இருவருக்கும் கட்டணம் மட்டும் 1200 டொலர். இதையே ஜூனில் போனால் 600. பள்ளி விடுமுறைதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. பக்கத்துத் தன்சானியாவில் கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கும் வாகனமொன்றுக்கு வரியுடன் 295 டொலர். தங்குமிடம், வாகனம், வழிகாட்டிக்கும் முகாம் ஊழியருக்கும் கொடுக்கும் அன்பளிப்பு எல்லாம் இதற்கு மேல். பயண முகவர் அனுப்பும் விலையில் இவற்றுள் எவை அடங்கும், எவை அடங்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வது கணக்கில் சேராது.

கென்யாவிலிருந்து நேரே இலங்கை வருவோர் பலர் மறந்துவிடும் செலவொன்று உண்டு. மஞ்சட் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்றிதழை இலங்கை கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும். கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் மட்டுமே இவ்வூசியைப் போடுவார்கள். நான்கு பேருக்குக் கணிசமான தொகை வரும். கடைசி வாரத்தில் ஓடித் திரியாதீர்கள்.

மலேரியா பற்றியும் ஒரு வார்த்தை. மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. நுளம்பு இருக்கிறது, கிருமி இல்லை. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் எவருக்காவது காய்ச்சல் கண்டால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் அதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஊருக்கு நீங்கள் கொண்டுவரும் சொக்கலேட்டை விட இது பெரிய உபகாரம்.

இனி, "என்ன கிடக்கு" என்ற கேள்வி. தோழனே, நீ ஆபிரிக்காவில் பார்க்கப் போகும் மரம் பள்ளிமுனையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்றும் பொந்தன்புளி என்றும் சொல்லும் அந்த மரம் நமக்குப் பெருக்க மரம். அடிமரத்தின் சுற்றளவு பத்தொன்பது மீட்டருக்கு மேல். ஒட்டகத்துக்குத் தீனியாக அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பதும், வயது எழுநூறு என்பதும் ஊர்வழக்கு. நாம் சிறுவராயிருந்தபோது அதன் பொந்துக்குள் ஒளித்து விளையாடியதை நீயே உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாய். அல்லது சொல்லாமல் விட்டிருப்பாய். அரபு வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் கழுதைகளோ இன்றும் பஸ் நிலையத்தைச் சுற்றித் திரிகின்றன. அவற்றைப் பார்க்க நுழைவுச்சீட்டு இல்லை.

பறவைகள் வேறு கதை. வங்காலைச் சரணாலயம் 2008 இல் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4839 ஹெக்டேயர். மதவாச்சியிலிருந்து மன்னார் வரும் வீதி அதன் ஊடாகவே போகிறது. ஜீப் வேண்டாம், ஓட்டோ போதும். ஆனால் ஓகஸ்டில் வந்தால் பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது; சோளகக் காற்றும் மண்ணும்தான் முகத்தில் அடிக்கும். அவை திரளும் காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதிலும் மாரி மழை ஓய்ந்த பெப்ரவரி மேல்.

ஓகஸ்டுதான் முடியும் என்றால் வில்பத்துவுக்குப் போகலாம். குளங்கள் வற்றும் காலத்தில் விலங்குகள் வில்லுகளைத் தேடி வரும். சிறுத்தைக்கும் கரடிக்கும் பெயர்போன காடு. நாட்டிலேயே மிகப் பெரிய தேசியப் பூங்கா, 1317 சதுர கிலோமீட்டர். போரினால் 1988 இல் மூடப்பட்டு, 2003 இல் திறந்து, 2006 கண்ணிவெடிக்குப் பின் மறுபடி மூடி, 2010 இல் திறந்தார்கள். வரைபடத்தில் அது மன்னாருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பாதீர்கள். பெரும்பாலான ஜீப்புகள் புறப்படும் ஹுனுவில்கம வாயில் மறுபுறத்தில், அநுராதபுரம் சுற்றித்தான் போகவேண்டும். விடிய ஆறு மணிக்கு உள்ளே நுழைய வேண்டுமானால் முதல்நாள் இரவு அங்கேயே தங்குங்கள்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கில். அதனுடன் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, மேலே வரி. வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். கனேடியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர், பேசாலையில் பிறந்தவரானாலும், ஜேர்மன்காரர் கட்டும் காசையே கட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்து வந்த உறவினரோடு ஒரு பூங்காவுக்குப் போனேன். ஜீப்காரர் முதல்நாள் சொன்ன தொகையும் வாயிலில் கட்டிய தொகையும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். உறவினர் காசைவிட, தாம் அந்நியராக எண்ணப்பட்டதற்கே அதிகம் கோபப்பட்டார். கோபம் நியாயமே. ஆனால் வாயிலில் நிற்கும் ஊழியரிடம் அதைக் கொட்டிப் பயனில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாராவைச் சுற்றியுள்ள காப்புநிலங்கள் பலவற்றில், நிலம் மசாய்க் குடும்பங்களுக்குச் சொந்தம். விடுதிகள் அவர்களுக்கு வாடகை கொடுக்கின்றன. அங்கே நீங்கள் கொடுக்கும் டொலரில் ஒரு பகுதி மாடு மேய்க்கும் வீட்டுக்குப் போகிறது. நம் பூங்காவில் வாயிற் கட்டணம் அரசுக்குப் போகிறது. மன்னார்க் கிராமத்துக்கு ஏதாவது கிடைப்பதானால் அது நீங்கள் தங்கும் அறையிலிருந்தும், உண்ணும் நண்டுக் கறியிலிருந்தும், ஓட்டோவிலிருந்தும், வாங்கும் பனையோலைப் பெட்டியிலிருந்தும்தான். ஒரே நாளில் வானில் வந்து, கொழும்பிலிருந்து கட்டிய சோற்றை வழியில் உண்டு, தாம்போதியில் படமெடுத்துத் திரும்பினால் ஊருக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் போத்தல். அதனால்தான் மன்னாரில் இரண்டு இரவாவது தங்குங்கள் என்கிறேன். மாராவில் கேட்டதைக் கொடுத்துவிட்டு, வங்காலையில் ஓட்டோக்காரனோடு இருநூறு ரூபாவுக்குப் பேரம் பேசுபவர்களை நான் கண்டிருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தெருவில் நின்றார்கள். காற்று மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். 2020 இல் தொடங்கிய தம்பபவனி நாட்டுக்கு வெளிச்சம் தருகிறது. ஆனால் மணலை அள்ளவும் பறவைகளின் வழியில் மேலும் தூண்களை நடவும் முடிவெடுப்பவர்கள், "இந்த நிலத்தால் என்ன வருமானம்?" என்று கேட்கும்போது, நம்மிடம் காட்டுவதற்குப் புள்ளிவிவரம் ஏதுமில்லை. நாலு பேர் இரண்டு இரவு தங்கிய விடுதிக் கணக்குப் புத்தகம் அதில் ஒரு வரியாகும்.

கடைசியாக, போக்குவரத்து. 1990 இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மலிவான பயணம், பிள்ளைகள் சன்னலோரத்தில் இருந்து வரலாம். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயல் பாதைகள் பலவற்றைச் சேதப்படுத்தியதால், புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பினேன். கென்யாவை இந்த ஓகஸ்டில் முடி, மன்னாருக்கு இன்னொரு பெப்ரவரியில் தனியாக வா என்றும் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. பேசாலையில் ஏசி அறை இருக்கிறதா என்று மனைவி கேட்கிறாளாம். மகள் கேட்டது வேறு: அப்பா வள்ளம் ஏறிய இடத்துக்கு நடந்து போகலாமா என்று. இரண்டுக்கும் விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.