வானொலியும் கூறியது கூறலும்

பவணந்தி முனிவர் நூலுக்காகாத குற்றங்கள் பத்தென நன்னூலில் வகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று கூறியது கூறல். இந்நாள் வானொலி விளம்பரங்களைக் கேட்பின், அக்குற்றத்தையே அவர் முதற்கண் வைத்திருப்பாரென்று நாம் எண்ணுகின்றோம். பாட்டு முடியுமுன் ஒரு நகைக்கடை. பாட்டு முடிந்தபின் அதே நகைக்கடை. செய்தி தொடங்குமுன் மீண்டும் அதே குரல், அதே மெட்டு, அதே தள்ளுபடி!

விளம்பரமே வேண்டா என்பது நம் கருத்தன்று. 1922ஆம் ஆண்டு நியூயார்க்கு நிலையமொன்று, வீடு விற்போரிடம் ஐம்பது டாலர் பெற்றுப் பத்து நிமிடம் பேசவிட்டது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கியது. தமிழ்நாட்டாரும் அதனை விரும்பிக் கேட்டனர். நம் விவித பாரதி 1967இல் விளம்பரத்தை ஏற்றது. பொருளின்றி ஒலிபரப்பு நடவாதென்பதை யாம் அறிவோம். நாம் வேண்டுவது அளவொன்றே.

இலக்கணமும் அளவோடு அடுக்குதலை விலக்கவில்லை. பாம்பைக் கண்டவன் 'பாம்பு பாம்பு' என்பான். நெருப்பைக் கண்டவன் 'தீத் தீத் தீ' என்பான். ஆயினும் அடுக்கு நான்கினை மிகலாகாது என்பது நன்னூலார் துணிபு. அச்சத்தால் அலறுவோனுக்கே எல்லை உண்டாயின், சேலை விற்போனுக்கு எல்லை வேண்டாவோ?

பன்முறை சொன்னாலன்றி மனத்திற் பதியாதென்பார் சிலர். வாய்பாட்டை எடுத்துக்காட்டாகவுங் கூறுவர். வாய்பாடு நம் தேவைக்காக நம் வாயாற் சொல்லுவது. விளம்பரமோ பிறர் தேவைக்காக நம் செவியிற் புகுத்துவது. மேலும், பெயர் மனத்திற் பதிதல் வேறு, பொருளின்பால் நம்பிக்கை பிறத்தல் வேறு. சலிப்போடு நினைக்கப்படும் பெயரால் வணிகர்க்கு யாது பயன்?

கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு இல்லை. செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். பேருந்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒலிக்கும் வானொலியை நிறுத்த நமக்கு உரிமையில்லை. பொறியில் காலும் துணியில் கையுமாக இருக்கும் தையற்காரர், நிலையத்தை மாற்றுதற்கு எழுந்து செல்லுதல் எளிதன்று. கண்ணொளி இழந்தார் பலர்க்கோ வானொலியே செய்தித்தாள், வானொலியே புத்தகம். அவர்தம் பக்கங்களில் ஒரே வரியை மீண்டும் மீண்டும் அச்சிடுதல் அறமாகுமா?

ஒலியலைகள் பொதுமக்களின் உடைமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆதலின் நிலையத்தார் குடியிருப்போர், கேட்போரே வீட்டுக்குரியோர். ஒரு விளம்பரத்தை ஒரு மணிக்கு ஒருமுறைக்கு மேல் ஒலிபரப்புவதில்லையென நிலையத்தார் தாமே வரையறை செய்துகொள்வாராக. வணிகப் பெருமக்களும் பத்துமுறை கூவுதற்கு ஆகும் பொருளில் ஒரு பகுதியை, ஒருமுறை நன்றாகச் சொல்லவல்ல எழுத்தாளர்க்கு ஈவாராக. நல்ல தமிழில் இனிது கூறின், ஒருமுறை கேட்டதையும் நாம் மறவோம்.