வயலில் புகுந்த கடல் உப்பை மழை எப்படிக் கழுவுகிறது?

2004 டிசம்பர் 26. சுனாமியால் கடலூர் மாவட்டக் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்தது. நீர் வற்றினாலும் உப்பு மண்ணில் தங்கிவிடும். சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் இருக்கும் வெண்கண்டல் மரம் இலை வழியே உப்பை வெளியேற்றும். நெல்லுக்கு அந்த வித்தை தெரியாது. மழைநீரைத் தேக்கி வடித்தால்தான் வயல் மீளும்.

மழைநீரால் மட்டும் எப்படி முடிகிறது?

பிணைப்பில் எலெக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன் அணுவுக்கு அணு மாறும். இதுதான் எலெக்ட்ரான் கவர்தன்மை. 1932-ல் இதற்கு அளவுகோல் தந்தவர் லைனஸ் பாலிங். அதன்படி குளோரின் 3.16, சோடியம் 0.93. வித்தியாசம் அதிகம். அதனால் சோடியத்தின் எலெக்ட்ரானைக் குளோரின் கிட்டத்தட்ட மொத்தமாகப் பறித்துக்கொள்ளும். சோடியத்தில் நேர் மின்னூட்டம், குளோரினில் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஈர்த்து ஒட்டிக்கொள்வதுதான் உப்பு.

தண்ணீரில் ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20. இங்கே பங்கு உண்டு, ஆனால் சமபங்கு இல்லை. ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்னூட்டம். அது சோடியத்தை இழுக்கும். ஹைட்ரஜன் பக்கம் குளோரினை இழுக்கும். உப்பு பிரிந்து, தண்ணீரோடு வடிந்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். எண்ணெயில் உப்பைப் போட்டுக் கலக்குங்கள், அடியிலேயே கிடக்கும். எண்ணெயில் பெரும்பகுதி கார்பனும் (2.55) ஹைட்ரஜனும்தான். இரண்டுக்கும் ஏறக்குறைய சமபங்கு என்பதால், உப்பைப் பிரித்து இழுக்க அங்கே ஆளில்லை!