தீவை விட்டுப் போற மகள்

1975 நவம்பரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'வொண்டர் வுமன்' முதல் படம் வந்தபோது எங்கட அம்மாமார் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்தது பிறகு, மொன்றியலில், மறுஒளிபரப்பில். 1979 வரை மூன்று சீசன் ஓடிய தொடர். லிண்டா காட்டர் கையை விரித்து ஒரு சுத்துச் சுத்தினால், கண்ணாடி போட்ட டயானா பிரின்ஸ் மறைந்து வொண்டர் வுமன் வந்துவிடுவா. அந்தச் சுத்தலை யோசித்துச் சொன்னதும் லிண்டா காட்டர்தான். எங்கட வரவேற்பறைகளில் அதைச் செய்து பார்த்துத் தலை சுத்தி விழுந்த பிள்ளையள் எத்தனை பேர்!

இந்தக் குளிருக்கு வீட்டில் பிள்ளைகளோடு அதைத் திரும்பப் பார்க்கத் தொடங்கினோம். இப்போதைய படங்களுக்குப் பழகின கண்ணுக்குச் சண்டையெல்லாம் விளையாட்டு மாதிரி இருக்கு. காப்பால தோட்டாவைத் தடுப்பா, கயிறு எறிவா, ஆளைத் தூக்கிப் போடுவா. எட்டு வயசுப் பிள்ளையோடும் இருந்து பார்க்கலாம். அம்மம்மாதான் "இதென்ன உடுப்பு?" என்று கேட்டா. கேட்டாலும் எழும்பிப் போகேல்லை.

சின்னனில் நான் பார்த்தது சண்டையை. இப்ப, ஒரு அம்மாவாகப் பார்க்கேக்க, கண்ணில பட்டது வேற கதை.

முதல் படம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நடக்கிறது. அமேசான் பெண்கள் வாழுற பரடைஸ் தீவில் அமெரிக்க விமானி ஸ்டீவ் ட்ரெவர் வந்து விழுகிறார். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட ஒருத்தியைத் தெரிவுசெய்யப் போட்டி வைக்கிறார்கள். நீ அதில சேரக்கூடாது என்று அரசி தன் மகள் டயானாவைத் தடுக்கிறா. டயானா வேஷம் மாத்திக்கொண்டு போய் வெல்லுறா. ஆர் என்று தெரிந்த பிறகு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கேல்லை. தீவுக்கு வெளியிலும் பலம் குறையாமல் இருக்கத் தங்கப் பட்டி, உண்மையைச் சொல்ல வைக்கிற கயிறு, இரண்டையும் கொடுத்து அனுப்புறா.

1976 நவம்பரில் வந்த இரண்டு பாகக் கதையில் அந்த அம்மா மகளைத் திருப்பிக் கூப்பிடுறா. கூட்டிக்கொண்டு வரத் தங்கச்சி ட்ருசில்லாவை அனுப்புறா. நடித்தவ டெப்ரா விங்கர். வந்த தங்கச்சிக்கோ அமெரிக்கா பிடித்துப்போகுது! தூது போன ஆளே கட்சி மாறின கதை எங்கட குடும்பங்களுக்குப் புதிசே?

எங்கட மூத்தவளுக்கு 16. கியூபெக்கில் 11ஆம் வகுப்பு முடிய செஜெப்பில் இரண்டு வருஷம், பிறகுதான் பல்கலைக்கழகம். மக்கில், கொன்கோர்டியா எல்லாம் மெட்ரோவில் போய்வரலாம் என்பதால், பிள்ளை வீட்டை விட்டுப் போற கதையே பல வீடுகளில் எழும்புறதில்லை. எங்கட வீட்டில் எழும்பிவிட்டது. அவளுக்கு ஹலிஃபாக்ஸில், டல்ஹௌசியில் கடலியல் படிக்க ஆசை. 1,200 கிலோமீட்டருக்கு மேல்.

படம் முடிய அவள் கேட்டாள்: "கடைசியா அந்த அம்மா போக விட்டவதானே?"

பக்கத்தில் அம்மம்மா. எண்பதுகளில் தன்ர தீவை விட்டு ஒரு சூட்கேசோட வந்தவ. அவவுக்கு ஒருத்தரும் பட்டி கட்டி அனுப்பேல்லை. போன ஆட்கள் திரும்பி வராத காலம் அது. பிள்ளை தூரப் போறது எண்டால் அவவுக்கு இண்டைக்கும் அந்த நினைவுதான் வரும். அந்தப் பயத்தோடதான் என்னை வளர்த்தா. நானும் வீட்டில இருந்தேதான் படித்தேன். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதை அப்படியே என்ர மகளுக்கும் கொடுக்க வேணுமோ?

நான் ஓம் என்றும் சொல்லேல்லை, இல்லை என்றும் சொல்லேல்லை. "என்னென்ன யோசிக்க வேணும் எண்டு எழுது" என்று பேப்பரைக் கொடுத்தேன். செலவு, தங்குற இடம், சமையல், லீவுக்கு வந்துபோறது என்று எழுதினாள். கடைசி வரியில் 'சனம் என்ன சொல்லும்' என்று எழுதினாள்.

அம்மம்மா பேப்பரை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மெல்ல மெல்ல வாசித்தா. "கடைசி வரியை வெட்டு. மற்றதைக் கதைப்பம்," என்றா.

இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். முடிவு வர ஒரு வருஷமும் எடுக்கலாம். உங்கட வீட்டிலும் 14, 15 வயசில பிள்ளை இருந்தால் இந்தக் கதைகளைச் சேர்ந்து பாருங்கோ. முடிஞ்ச உடனே எழும்பாமல் கொஞ்ச நேரம் இருங்கோ. அம்மம்மா, அப்பம்மா இருந்தால் அவையையும் கூப்பிடுங்கோ.