மச்சானின் குதிகாலும் எனது மொழிபெயர்ப்பும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருக்கும் எனக்கு மொழிபெயர்ப்பு புதிய வேலையல்ல. நள்ளிரவில் வரும் ஆங்கிலச் செய்தியை அரை மணித்தியாலத்தில் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பிப் பழகிய கை இது. அந்தக் கை செய்த மிக மோசமான மொழிபெயர்ப்பைப் பற்றி இன்று எழுத வேண்டியிருக்கிறது. அது எந்தப் பத்திரிகையிலும் வெளிவரவில்லை. 2022 பெப்ரவரியில், கொக்கட்டிச்சோலையில், என் அக்கா வீட்டுத் திண்ணையில் வாய்மொழியாக நிகழ்ந்தது.

அக்காவின் கணவர், என் மச்சான், வேளாண்மைக்காரர். படுவான்கரையின் வட்டைகளில் ஐம்பது வருடங்களாக வெறுங்காலுடன் நடந்தவர். அவருடைய இடது குதிகாலில் ஒரு கறுப்புத் தடம் இருந்தது. ஆணி என்று நினைத்து இரண்டு வருடங்களாகச் சவர அலகால் சீவிக்கொண்டிருந்தார். அது புண்ணாகி ஆறாமற் போனபின்தான் நகரத்து வைத்தியசாலைக்குப் போனார். அங்கே அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் அறிக்கை வந்தது. மெலனோமா, தடிப்பு 2.3 மில்லிமீற்றர், மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறது. மறுபடியும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தாமதிக்காமல் வரவும் என்று துண்டில் எழுதியிருந்தார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவன் நான். மச்சானின் பின்னால் நின்ற அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். நானும் மொழிபெயர்த்தேன்: “கெட்ட மச்சமாம். எடுத்தாச்சு. இன்னொருக்காக் கொஞ்சம் வெட்டிச் சுத்தம் செய்ய வேணுமாம்.”

மச்சான் மூடரல்லர். உடனே கேட்டார்: “எடுத்தாச்செண்டா பிறகு ஏன் மச்சான் வெட்டோணும்? முதல் வெட்டினவருக்கு வேலை தெரியாதா?”

என்னிடம் பதில் இல்லை. புற்றுநோய் என்ற சொல்லை மறைத்துவிட்ட பிறகு இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு நியாயம் சொல்ல எவராலும் முடியாது. அவர் அறுவடைக்குப் போய்விட்டார். பின்னர் ஒரு பரியாரியின் எண்ணெய். பின்னர், கத்தி பட்டால் பரவும் என்ற அயலாரின் எச்சரிக்கை. அதன்பின் அந்த வருடத்து எரிபொருள் வரிசைகள். யூலையில் அவர் வைத்தியசாலைக்குத் திரும்பியபோது இடது தொடையின் இடுக்கில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது.

நான் கலைப்பட்டதாரி; மருத்துவம் படித்தவனல்லன். ஆயினும் அந்த ஐந்து மாதங்களுக்குப் பிறகு வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை, பெப்ரவரியில் மச்சானுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலாக இங்கே எழுதுகிறேன்.

முதல் வெட்டு நோயை அறிவதற்கானது. தடத்தை ஓரிரண்டு மில்லிமீற்றர் விளிம்புடன் எடுத்து, அது என்ன, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டுமே அது. அந்த ஆழம் தெரியாமல் இரண்டாவது வெட்டின் அளவைத் தீர்மானிக்க முடியாது. ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று 1970 இல் காட்டியவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியலாளர். மச்சானின் அறிக்கையில் இருந்த 2.3 அவருடைய அளவுகோல்தான். தடிப்பு 1 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின் சுற்றிலும் 1 சென்ரிமீற்றர், 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்டதாயின் 2 சென்ரிமீற்றர், இடைப்பட்டதாயின் 1 முதல் 2 வரை நல்ல தோலையும் சேர்த்து, தசையின் உறை வரை ஆழமாக எடுப்பது இன்றைய பொது வழக்கம். ஆகவே இரண்டாவது வெட்டு முதல் வைத்தியரின் பிழையைத் திருத்துவதல்ல. முதல் நாளே திட்டத்தில் இருந்தது.

இந்த 2 சென்ரிமீற்றரையே ஒரு சலுகை என்றுதான் சொல்ல வேண்டும். 1907 இல் சாம்ப்சன் ஹான்ட்லி என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரேயொரு நோயாளியின் பிரேத பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டு அகல வெட்டைப் பரிந்துரைத்தார். அதன் விளைவாகப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் 5 சென்ரிமீற்றர் வரை வெட்டினார்கள். அவ்வளவு தேவையில்லை என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் நிறுவின. ஒரு பிணத்தைப் பார்த்து எழுதிய விதி முக்கால் நூற்றாண்டு நின்றதை நினைத்தால், ஒற்றை ஆதாரத்தை நம்பிச் செய்தி எழுதியதற்காக எங்கள் ஆசிரியரிடம் நான் வாங்கிய ஏச்சுகள் நியாயமானவையென்றே தோன்றுகிறது.

இன்னொன்று. இரண்டாவது முறை வெட்டியெடுத்த தசையைப் பரிசோதித்தால் பெரும்பாலும் அதில் நோய் எதுவும் இராது. உடனே உறவினர், வீணாக வெட்டிவிட்டார்கள் என்பர். நோய் இல்லை என்ற அந்த முடிவே நல்ல முடிவு. கண்ணுக்கும் கைக்கும் தென்படாத ஓரிரு கலங்கள் அருகில் தங்கி மீண்டும் முளைக்கும் வாய்ப்பைக் குறைப்பதற்கே அந்த அகலம்.

இனி, நோயாளி எதிர்பார்க்க வேண்டியவை. வயிற்றிலோ முதுகிலோ என்றால் தோலை இழுத்துத் தைத்துவிடலாம். தழும்பு நீண்டிருக்கும், அவ்வளவுதான். குதிகாலில் இழுப்பதற்குத் தோல் இல்லை. ஒரு சென்ரிமீற்றர் தடத்துக்கு இருபுறமும் இரண்டு சேர்ந்தால் ஐந்து சென்ரிமீற்றர் வட்டம். அதை மூடத் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் எரியும் என்பதை மச்சானுக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அந்த எரிவை அவர் நோய் பரவியதன் அடையாளமாக எடுத்துக்கொண்டு இரண்டு இரவுகள் உறங்கவில்லை. ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். சில வாரங்களுக்குக் குதிகாலை நிலத்தில் ஊன்றக் கூடாது. வேளாண்மைக்காரர் ஒருவரைச் சும்மா இருத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்பதை அக்காவிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது நிணநீர்க் கணு. மெலனோமா தோலை விட்டுப் புறப்படும்போது அநேகமாக முதலில் தங்கும் இடம் அது. காலில் வந்தால் தொடையிடுக்கு. கையில் வந்தால் அக்குள். தடம் இருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஏற்றி, அது முதலில் சென்றடையும் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையை டொனால்ட் மோர்டன் என்ற அமெரிக்க நிபுணரும் சகாக்களும் 1992 இல் வெளியிட்டனர். காவற்கணுச் சோதனை எனலாம். வாசலில் நிற்கும் காவற்காரனைக் கேட்டால் உள்ளே எவர் போனார் என்று தெரியுமல்லவா? தடிப்பு 1 மில்லிமீற்றரைத் தாண்டியவர்களுக்கு இதைப் பொதுவாக எடுத்துச் சொல்வார்கள். மறுநாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், அஞ்ச வேண்டாம். காவற்கணுவில் நோய் இருந்தால் மிகுதிக் கணுக்களையெல்லாம் வழித்தெடுப்பதே முன்னைய வழக்கம். அது ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2017 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியபின், இப்போது பலருக்கு ஸ்கானில் கண்காணிப்பதோடு நிறுத்துகிறார்கள்.

மச்சானுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பின் காவற்காரனைக் கேட்பதில் பொருளில்லை. ஊசிபோட்டு உறுதிப்படுத்தி, தொடையிடுக்குக் கணுக்களை முழுமையாக எடுத்தார்கள். நீர் வடிவதற்கு வைத்த குழாயும் பையும் வாரக்கணக்கில் இருந்தன. பெப்ரவரியில் போயிருந்தால் கணு சுத்தமாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போதே நோய் அங்கே போயிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதை என் மொழிபெயர்ப்புப் பறித்தது.

கறுப்புத் தோலுக்கு இந்த வியாதி வராது என்பது நம்மவரிடையே உள்ள இன்னொரு நம்பிக்கை. மெல்போணில் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில், அது வெள்ளைக்காரரின் வெயில் நோய், இங்கே எல்லோருக்கும் வருவது, சின்ன வெட்டு என்று அக்காவைத் தேற்றினார். அவர் சொன்னது அவர் வாழும் நாட்டுக்குப் பொருந்தலாம். நமக்கு அரிதாகத்தான் வரும். வரும்போது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் வருவது அதிகம். அதற்கு வெயில் காரணமுமல்ல. பொப் மார்லியை எல்லோருக்கும் தெரியும். 1977 இல் அவருடைய வலது பெருவிரல் நகத்தின் கீழ் கண்டது இதுதான். உதைபந்தாட்டக் காயம் என்று முதலில் எண்ணினார்கள். விரலை அகற்ற அவர் இணங்கவில்லை; நகத்தையும் அதன் படுக்கையையும் எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். 1981 மே 11 ஆம் திகதி, 36 வயதில் இறந்தார். விரலை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் அவருக்கு நோயின் பெயரைச் சொல்லியிருந்தார்கள், தெரிந்தே முடிவெடுத்தார். மச்சானுக்கு அந்த மரியாதையைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பிந்திப் போகிறோம்; கத்தி படுமுன்னரே நோய் பரவியிருக்கிறது; வெட்டிய சில மாதங்களில் மனிதர் போய்விடுகிறார். ஊர் கண்டது கத்தியையும் சாவையும் மட்டுமே. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை துறையில் ‘பாதை’க்காகக் காத்திருந்து வாவியைக் கடந்தவர்கள் இம்மக்கள். அதற்கு முந்திய காலத்தில் நகரத்துக்குப் போவதென்றால் சோதனைச் சாவடிகளையும் தாண்ட வேண்டும். பிந்திப் போவது இவர்களுக்குப் பழக்கமானது தற்செயலல்ல. இன்று பாலம் இருக்கிறது, வார்த்தை இல்லை.

வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வெட்டைப் போடும் அன்றே, இது இரண்டில் ஒன்று, அறிக்கையைப் பார்த்து மற்றதைத் தீர்மானிப்போம் என்று சொல்லிவிடுங்கள். அறிக்கையோடு தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. மச்சான் போன்றவர்கள் என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களிடம் அகப்பட மாட்டார்கள். பத்திரிகைக்காரரான எங்களுக்கும் பங்குண்டு. ஞாயிறு மலர்களின் ஆரோக்கியப் பக்கத்துக்கு மூலிகைக் குறிப்புகளை எத்தனை வருடங்கள் வெட்டி ஒட்டியிருக்கிறேன்! இரண்டாவது சத்திரசிகிச்சை ஏன் என்று ஒரு பத்தியாவது எழுதவில்லை. அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பயத்தில் கெஞ்சினாள். நான் சொற்களால் பிழைப்பவன். நான் இணங்கியிருக்கக் கூடாது.

மச்சானுக்கு உண்மையைச் சொன்னது யூலையில், சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், வாட்டில் வைத்து. நான்தான் சொன்னேன். நெடுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இத முதலே சொல்லியிருந்தா வெள்ளாமைய ஆரிட்டயும் குடுத்திட்டு வந்திருப்பனே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் செருப்பினுள் மெத்தென்ற அட்டை வைத்து நடக்கிறார். மாலையானால் இடது கால் வீங்கும். ஊரில் சிலர் யானைக்கால் என்கிறார்கள். இலங்கையில் அந்நோய் ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததை நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதைவிடச் சுருக்கமாக, “இது கான்சர் வெட்டின கால்” என்று பதில் சொல்லிவிடுகிறார். மூன்று மாதத்துக்கொருமுறை கிளினிக். நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகளைப் பற்றியும் வைத்தியர் பேசினார். அவற்றுக்கு வழிகாட்டிய இருவருக்கு 2018 இல் நொபெல் பரிசு கிடைத்தது. விலை எங்கள் குடும்பத்துக்கு எட்டாதது.

சென்ற முறை நான் கொக்கட்டிச்சோலைக்குப் போனபோது, தேநீர் வருமுன்னரே, “சப்பாத்தக் கழட்டு மச்சான்” என்றார். என் இரண்டு உள்ளங்கால்களையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்குகளையும் விடவில்லை.