வெளிக்குறிப்புகளும் மாய உலகமும்: ஒரு மறுப்பு

மந்திரமும் அரக்கரும் அரியணைப் போர்களும் நிறைந்த, நம் உலகின் வரைபடத்தில் இடம்பெறாத நிலங்களைக் களமாகக் கொண்ட வீடியோ கேம்களை மிகைப்புனைவு ஆட்டங்கள் எனலாம். இத்தகைய ஆட்டங்களில் வரும் பாத்திரங்கள் பேசும்போது, நம் உலகத்துத் திரைப்படத்தையோ நாவலையோ பிரபலத்தையோ சுட்டும் வரிகள் இடையிடையே தலைகாட்டுவதுண்டு. அவற்றை இக்கட்டுரை வெளிக்குறிப்பு என்று அழைக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் அதில் ஊறிய ரசிகர்களுக்கும் மட்டுமே உடனே விளங்கும் கேலியை உள்வட்ட நகைச்சுவை என்று குறிப்பிடுகிறது. இவ்விரண்டும் கற்பனை உலகின் கட்டுக்கோப்பைக் குலைப்பவை, மிகைப்புனைவின் மரபுக்கு அந்நியமானவை, விரைவில் பழசாகிப் போகின்றவை, அறியாதவரை வெளியே நிறுத்துபவை, எழுத்தாளரின் சோம்பலை மறைக்கும் திரை என்னும் ஐந்து குற்றச்சாட்டுகள் விமர்சகர்களிடையிலும் ஆட்டக்காரர்களிடையிலும் ஏறத்தாழ முடிந்த முடிபுபோல் வழங்கிவருகின்றன. இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருந்தாலும், அந்த உண்மை வெளிக்குறிப்பு என்னும் உத்தியைச் சார்ந்ததன்று என்பதை அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தால் காணலாம்.

முதற் குற்றச்சாட்டே மற்றவற்றுக்கு அடித்தளம். அதன் கோட்பாட்டு வேர், ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939இல் ஆற்றிப் பின்னர் 1947இல் விரிவாக வெளியிட்ட, தேவதைக் கதைகள் பற்றிய உரையில் இருக்கிறது. கதைஞர் படைக்கும் இரண்டாம் உலகுக்குள் வாசகர் நுழைந்திருக்கும்வரை அவ்வுலகின் விதிகளுக்கேற்ப நிகழ்வனவெல்லாம் அவருக்கு மெய்யாகவே தோன்றும் என்றும், ஐயம் எழும் கணத்தில் மாயம் கலைந்து கலை தோற்றுவிடும் என்றும் டோல்கீன் வாதிட்டார். நம் உலகத்து நடிகரையோ பாடலையோ நினைவூட்டும் வரி அந்த ஐயத்தை எழுப்பிவிடும் என்பது வெளிக்குறிப்பை எதிர்ப்போர் இதிலிருந்து பெறும் முடிவு. ஆனால் அதே டோல்கீன், 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவலில், போரொன்றில் பூதகணத் தலைவனின் தலை தடியடியில் துண்டாகிப் பறந்து முயல் வளைக்குள் விழுந்ததாகவும், அவ்வாறே கோல்ஃப் ஆட்டம் பிறந்ததாகவும் எழுதியிருக்கிறார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்திலோ, வாணவேடிக்கையில் உருவான டிராகனொன்று விரைவு ரயிலைப்போல் கடந்து செல்கிறது. ரயிலே இல்லாத உலகில் ரயில் உவமையாக வந்தும் அந்நாவலின் மாயம் எவருக்கும் கலைந்ததாகத் தெரியவில்லை. இவை கதைசொல்லியின் கூற்றுகளேயன்றிப் பாத்திரங்களின் பேச்சல்ல என்று எதிர்வாதம் செய்யலாம். எனினும், இரண்டாம் உலகின் சுவர் சிறு துளைக்கே இடிந்துவிழும் அளவுக்கு மெலிந்ததன்று என்பதை நிறுவ இச்சான்றுகள் போதும்.

வீடியோ கேமைப் பொறுத்தவரை அந்தச் சுவர் தொடக்கத்திலிருந்தே துளைகளுடன்தான் எழுப்பப்படுகிறது. வாளேந்திய வீரனின் உயிர்வலிமை திரையோரத்தில் ஒரு பட்டையாகத் தெரிகிறது, இறந்தவன் முன்பு சேமித்த இடத்திலிருந்து மீண்டும் எழுகிறான், ஊர்க்கிழவர் எந்தப் பொத்தானை அழுத்தினால் கேடயம் உயரும் என்று கற்றுத்தருகிறார். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டே ஆட்டக்காரர் கதையிலும் தோய்ந்திருக்கிறார். இத்தோய்வு உண்மையில் எதனால் கலைகிறது என்பதற்கு, பெதஸ்டா நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' நல்ல சான்று. தாமும் ஒருகாலத்தில் சாகசக்காரராய் இருந்ததாகவும், முழங்காலில் அம்பு தைத்ததால் அதை விட்டுவிட்டதாகவும் அவ்வாட்டத்தின் காவலர்கள் கூறும் வரி உலகெங்கும் கேலிப்பொருளாயிற்று. அதில் எந்தத் திரைப்படமும் சுட்டப்படவில்லை, எந்த நாவலும் நினைவூட்டப்படவில்லை. கதைக்குள் முற்றிலும் பொருந்தும் வருத்தமான வரி அது. ஊருக்கு ஊர் வெவ்வேறு காவலர்கள் அதையே திரும்பத்திரும்பச் சொன்னதுதான் அதைச் சிரிப்புக்குரியதாக்கியது. தோய்வைக் கலைப்பவை கூறியது கூறலும் இடமறியாமையும் எனில், அப்பழியை வெளிக்குறிப்பின் தலையில் சுமத்துவது பொருந்தாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, மிகைப்புனைவு ஆட்டங்கள் முதலில் தூய்மையாக இருந்தன என்றும், இணைய யுகத்தின் கேலிகள் பின்னால் வந்து அவற்றை மாசுபடுத்தின என்றும் கூறுகிறது. வரலாறு இதற்கு நேர்மாறானது. இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் தாயான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு 1974இல் வெளிவந்தபோது, டோல்கீனின் ஹாபிட்டுகளைப் பெயர்கூட மாற்றாமல் எடுத்தாண்டது. உரிமையாளர்கள் ஆட்சேபித்த பின்னரே அவை ஹாஃப்லிங் ஆயின. அவ்விளையாட்டின் புகழ்பெற்ற தீய மந்திரவாதியான வெக்னாவின் பெயர், அதன் மந்திர முறைக்கு முன்மாதிரியான எழுத்தாளர் ஜாக் வான்ஸின் குடும்பப்பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளை இடம்மாற்றி அமைக்கப்பட்டதேயாகும். கணினிக்கு வந்தபோதும் இப்போக்கு மாறவில்லை: ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 1981ஆம் ஆண்டின் 'அல்டிமா', வாளும் நிலவறையுமாகத் தொடங்கி இடையில் ஆட்டக்காரரை விண்கலத்தில் ஏற்றி விண்வெளிப் போருக்கு அனுப்பியது. ஆகவே வெளிக்குறிப்பு இவ்வகைமையைப் பிற்காலத்தில் பற்றிய நோயன்று, உடன்பிறந்த இயல்பு.

இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் இணைந்து எழுதி 1981இல் வெளியான 'விஸார்ட்ரி'. பத்து அடுக்குகள் கொண்ட நிலவறைக்குள் இறங்கி, பித்துப்பிடித்த அரசன் ட்ரெபோரிடமிருந்து மந்திரவாதி வெர்ட்னா கவர்ந்துசென்ற தாயத்தை மீட்பதே அதன் கதை. ராபர்ட் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து அடுக்கினால் ட்ரெபோர் வரும், ஆண்ட்ரூ என்பதை அவ்வாறே அடுக்கினால் வெர்ட்னா வரும். நாயகர்களைத் துன்புறுத்தும் அரசனும் பகைவனும் ஆட்டத்தை எழுதிய இருவரே என்பது இதில் பொதிந்த உள்வட்ட நகைச்சுவை. இது தெரியாமலே எண்ணற்றோர் வெர்ட்னாவை அஞ்சத்தக்க எதிரியாக எண்ணிப் போரிட்டார்கள். அவ்வரிசையின் நான்காம் ஆட்டமான 'தி ரிட்டர்ன் ஆஃப் வெர்ட்னா' 1987இல் வந்தபோது, அம்மந்திரவாதியே ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரமாகவும் உயர்ந்துவிட்டான். கேலியாகப் பிறந்த பெயர் தனக்கென ஒரு கதையைத் தாங்கும் வலிமை பெற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெளிக்குறிப்பு விரைவில் பழசாகும் என்னும் மூன்றாவது குற்றச்சாட்டுக்கும் 'விஸார்ட்ரி'யே விடை தருகிறது. அவ்வாட்டத்தில் கிடைக்கும் சிறந்த வாள்களில் ஒன்றுக்கு, அக்கால அமெரிக்கச் சமையலறைகளில் காய்கறி நறுக்கப் பயன்பட்ட குயிஸினார்ட் என்னும் மின்கருவியின் பெயரை ஓரெழுத்து குறைத்து விளையாட்டாகச் சூட்டியிருந்தார்கள். ஆட்டம் ஜப்பானுக்குச் சென்றபோது அங்கு அக்கருவியை அறிந்தவர் அரிதாகையால், கஷினாட்டோ என்று ஒலிபெயர்க்கப்பட்ட அச்சொல்லைப் புகழ்பெற்ற ஒரு கொல்லனின் பெயராக ஜப்பானியர்கள் கொண்டனர். சமையல்கருவி ஒரு காவிய வாளாயிற்று. குறிப்பின் மூலப்பொருள் அழிந்த இடத்தில் வாள் அழியாமல் நின்றது எவ்வாறு என்றால், கதைக்குள் அது செய்த வேலை அந்த மூலப்பொருளைச் சாராமல் இருந்ததால்தான். பழசாகும் குறிப்புகளும் இல்லாமலில்லை. 2004இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில், 2007ஆம் ஆண்டு விரிவாக்கத்தின்போது ஹாரிஸ் பில்டன் என்றொரு பணக்காரப் பெண் பாத்திரம் சேர்க்கப்பட்டது. பாரிஸ் ஹில்டன் செய்திகளிலிருந்து மறைய மறைய அப்பெயரின் சுவையும் மங்கிற்று.

அதே ஆட்டத்தில் ஹெமெட் நெஸிங்வேரி என்னும் வேட்டைக்காரக் குள்ளரும் இருக்கிறார். எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய பெயர் அது. ஸ்ட்ராங்கிள்தார்ன் காட்டில் முகாமிட்டிருக்கும் அவரைச் சார்ந்தவர்கள் புலி, சிறுத்தை, ராப்டர் என்று வேட்டைப் பணிகளை அடுக்கிக் கொடுப்பார்கள்; ஹெமிங்வே 1935இல் வெளியிட்ட ஆப்பிரிக்க வேட்டைநூலின் தலைப்பை எதிரொலிக்கும் நூலொன்றின் சிதறிய பக்கங்களைத் தேடிச் சேர்க்கும் பணியும் அங்கே உண்டு. ஒரே பக்கம் இருமுறை கிடைத்து, வேண்டிய பக்கம் கிடைக்காமல் திண்டாடும் ஆட்டக்காரர்கள் அவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியும் விற்றும் நூலை முழுமையாக்கினார்கள். அவர்களுள் ஹெமிங்வேயை வாசித்திராதவர்க்கும் நெஸிங்வேரி வேட்டைவெறி கொண்ட கிழட்டுக் குள்ளராகவும், அந்நூல் அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளாகவும் நினைவில் நின்றன. பில்டன் பெயரையன்றி வேறெதையும் கொண்டுவரவில்லை. நெஸிங்வேரியோ ஒரு குணத்தையும் ஒரு காட்டையும் செய்வதற்கொரு வேலையையும் கொண்டுவந்தார். ஒரு குறிப்பின் ஆயுளை நிர்ணயிப்பது இவ்வேறுபாடே.

நான்காவது குற்றச்சாட்டு, குறிப்பை அறியாதவர், சிறப்பாகப் பிறமொழியினர், வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள் என்பது. 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையில் பிக்ஸ், வெட்ஜ் என்னும் இரட்டையர் மீண்டும்மீண்டும் வருகின்றனர். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இரு விமானிகளின் பெயர்கள் அவை. 1994இல் வெளியான ஆறாம் ஆட்டத்தின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிக்ஸ் என்பது விக்ஸ் என்று மாறிப்போனதால் குறிப்பின் பாதி அழிந்துவிட்டது; எனினும் பனிப்புயலுக்கு நடுவே இயந்திரக் கவசங்களில் நகரை நோக்கி நடந்துவரும் அத்தொடக்கக் காட்சியின் அழுத்தம் சிறிதும் குறையவில்லை. 1997இல் வந்த ஏழாம் ஆட்டத்தில் அதே பெயர்களைத் தாங்கிய வேறு இருவர் கிளர்ச்சிக் குழுவினராக வந்து கொடுங்கோன்மைக்கெதிரான போராட்டத்தில் வீழ்கிறார்கள்; அவர்களுக்காக வருந்துவதற்கு 'ஸ்டார் வார்ஸ்' பார்த்திருக்க வேண்டியதில்லை.

போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' இன்னும் துணிச்சலானது. அதில் வெலென் நாட்டுக் குடியானவர்கள் இரவில் கூடி, இறந்தோரின் ஆவிகளை அழைத்துப் படையலிடும் சடங்குக்கு நாயகன் கெரால்ட் காவல் நிற்கும் பணியொன்று உண்டு. போலந்தின் பெருங்கவி ஆடம் மிட்ஸ்கியேவிச் 1823இல் வெளியிட்ட முன்னோர் சடங்கு பற்றிய நாடகத்தை அது பின்பற்றுகிறது. போலந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமான அந்நாடகத்தைப் பிறநாட்டார் பெரும்பாலும் கேள்விப்பட்டதில்லை. அறிந்தவர் அதில் தம் இலக்கியத்தைக் கேட்கிறார், அறியாதவர் ஊராரின் அச்சத்தையும் பக்தியையும் காண்கிறார். யாரும் வாசலில் நிறுத்தப்படவில்லை. வீட்டுக்குள் ஓரறை சிலருக்குக் கூடுதலாகத் திறக்கிறது, அவ்வளவே.

இறுதிக் குற்றச்சாட்டான எழுத்தாளரின் சோம்பல் என்பதை அப்படியே தள்ளிவிட இயலாது. அணுப்போருக்குப் பிந்தைய உலகைக் காட்டும் 'ஃபால்அவுட் 2' (1998) அளவுக்கு மீறிக் கேலிக்குறிப்புகளை அடுக்கியதாக அதன் ரசிகர்களே குறைகூறினர். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2010இல் சேர்த்த உல்டும் பாலைநிலத்தில், இண்டியானா ஜோன்ஸ் படங்களின் பகடி ஒரு முழு நிலப்பகுதியின் கதையையே விழுங்கி, அங்கு வாழ்ந்த மக்களின் கதையை ஓரத்துக்குத் தள்ளியது. இவை தோல்விகளே. ஆனால் மிகையான வருணனையால் நாவல்கள் தோற்பதைக் கொண்டு வருணனையை எவரும் தடைசெய்வதில்லை. முதல் 'ஃபால்அவுட்' ஆட்டத்தை (1997) வழிநடத்திய டிம் கெய்ன், மூலத்தை அறியாதவருக்கும் ஒரு குறிப்பு உறுத்தாமல் இயல்பாகப் பட வேண்டும் என்ற நெறியைத் தம் குழுவில் வைத்திருந்ததாகக் கூறியிருக்கிறார். அதே வரிசையின் 'நியூ வேகாஸ்' (2010), வினோதக் குறிப்புகள் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தொடக்கத்திலேயே ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. நெறியும் அளவும் பேணப்படும் இடத்தில் சோம்பலுக்கு இடமில்லை.

மேலும், சில உள்வட்டக் கேலிகளுக்குப் பின்னால் கனமான காரணங்கள் உண்டு. வாரன் ராபினெட் அடாரி நிறுவனத்துக்காக உருவாக்கி 1980இல் வெளியான 'அட்வெஞ்சர்' என்னும் டிராகன் ஆட்டத்தில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சாம்பல்நிறப் புள்ளியைக் கண்டெடுத்துச் செல்வோருக்கு மட்டும் திறக்கும் அறையொன்றில், அதை உருவாக்கியவர் தாமே என்று தம் பெயரைப் பொறித்துவைத்தார். நிரலாளர்களின் பெயரை அந்நிறுவனம் ஆட்டங்களில் வெளியிடாத காலம் அது. ஆகவே அவ்விளையாட்டுத்தனம் உழைப்புக்கு உரிமைகோரிய ஒரு மறைமுக எதிர்ப்புமாகும். இத்தகைய ஒளிவு மறைவுகளுக்கு ஈஸ்டர் எக் என்னும் பெயர் வழங்கலானது இதைத் தொடர்ந்துதான். 'மோரோவிண்ட்' (2002) தொடங்கி 'ஸ்கைரிம்' வரை வரும் புளுகன் மாயிக் என்னும் நாடோடியோ, ஆட்டத்தில் ஏன் குதிரை இல்லை, டிராகன் எங்கே என்றெல்லாம் ரசிகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு, டிராகன்கள் எங்கும் உள்ளன, மிக உயரப் பறந்தால்தான் அவற்றைக் காணலாம் என்ற பாணியில் பொய்யும் கேலியுமாக விடையளிக்கிறான். பெயரிலேயே புளுகன் என்று அறிவிக்கப்பட்டவன் அளப்பது கதைக்குள்ளும் பொருந்திவிடுகிறது.

இவற்றை மதிப்பிடத் தமிழ் அணியிலக்கணத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சிலேடைச் செய்யுளில் ஒரே சொற்றொடர் இருபொருள் தர வேண்டும். அவற்றுள் ஒன்று மட்டும் பொருந்தி மற்றொன்று தொங்கினால் அது சிலேடையாகாது. வெளிக்குறிப்புக்கும் விதி அதுவே: கதைக்குள் ஒரு பொருளும் கதைக்கு வெளியே ஒரு பொருளும் ஒருங்கே நிற்க வேண்டும். 'தி விட்சர் 3' ஆட்டத்தின் 2016ஆம் ஆண்டு விரிவாக்கத்தில், வங்கியில் தன் பணத்தைப் பெறச் சென்ற கெரால்டை ஏ-38 என்னும் அனுமதிச் சீட்டுக்காக அலைக்கழிக்கிறார்கள்; 1976ஆம் ஆண்டின் ஆஸ்ட்ரிக்ஸ் அசைவூட்டப் படத்தைப் பார்த்தவர் அந்த எண்ணைக் கண்டதும் சிரிப்பார், பாராதவர் அரக்கரை வென்றவனும் எழுத்தரிடம் தோற்பதைக் கண்டு சிரிப்பார். ஆகவே விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு வரி வெளியுலகைச் சுட்டுகிறதா என்பதன்று; அச்சுட்டலை நீக்கிய பின்னும் பேசுகின்ற பாத்திரத்துக்கும் நிகழ்கின்ற கதைக்கும் அவ்வரி தேவைப்படுகிறதா என்பதே. தேவைப்படுமாயின் அது எழுத்தின் திறம். தேவைப்படாவிடின் குறையை எழுதியவர்மீது சாற்ற வேண்டுமேயன்றி உத்தியின்மீது சாற்றலாகாது.