தேரடி வீதியில் திண்ணை எங்கே?

திருவண்ணாமலையில் ஒரு சந்திப்புக்குப் பெயர் கடலைக்கடை மூலை. ஒரு தெருவுக்குப் பெயர் சின்னக்கடைத் தெரு. ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும், நேரே கொண்டுபோய் இறக்கி விடுவார். கடலைக் கடை வைத்திருந்தவர் யார் என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்! ஒரு கடையின் பேர் ஊர் வாயில் இத்தனை காலம் நிற்கிறது என்றால், அந்தக் கடைக்கும் ஊருக்கும் இருந்த ஒட்டு எப்படிப்பட்டது?

அந்த ஒட்டுதான் இன்று விட்டுப் போச்சு.

வெளியூர்க்காரர் தேரடி வீதிக்கு வந்தால் அண்ணாந்து பார்க்கிறார். ராஜகோபுரம் 217 அடி, பார்க்க வேண்டியதுதான். உள்ளூர்க்காரரோ கீழே தேடுகிறார். பித்தளைக் குடத்துக்கு ஒட்டுப் போடணும். குடைக்குக் கம்பி மாற்றணும். குழந்தைக்கு வசம்பு வாங்கணும். கண்ணில் படுவதெல்லாம் ருத்திராட்சம், படம், பிளாஸ்டிக் பொம்மை, தங்கும் விடுதி போர்டு!

விசிறி சாமியார் படுத்த இடம்

தேரடியில் அந்தக் காலத்தில் பேர் போனவை பாத்திரக் கடைகள். கல்யாணச் சீர் என்றால் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். அண்டா, குடம், குத்துவிளக்கு என்று பேரம் நடக்கும். பாத்திரத்தில் பேர் வெட்ட ஒருத்தர், ஈயம் பூச ஒருத்தர் என்று கடையைச் சுற்றி இன்னும் நாலு குடும்பம் பிழைக்கும்.

ராத்திரி கடை சாத்துவதே ஒரு வேடிக்கை. 1, 2, 3 என்று நம்பர் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். வெளியே திண்ணை சும்மா கிடக்கும். அந்தத் திண்ணைகளில்தான் யோகி ராம்சுரத்குமார் பல வருஷம் ராத்திரி படுத்தார். வடக்கே கங்கைக் கரையில் பிறந்து, 1959ல் இந்த ஊருக்கு வந்தவர். பகலில் ரயில் நிலையத்துப் பக்கம் புன்னை மரத்தடி, ராத்திரி பாத்திரக் கடைத் திண்ணை. விசிறி சாமியார் என்று ஊர் அழைத்தது. பிறகு அன்பர்கள் சன்னதித் தெருவில் வீடு பிடித்துக் கொடுத்தார்கள். 2001ல் காலமானார்.

அவர் மகிமை பக்தர்கள் விஷயம், அது இருக்கட்டும். கடைக்காரரைக் கவனியுங்கள். கந்தல் கட்டிய ஒரு வடநாட்டு ஆள் தன் கடை வாசலில் படுக்கிறான் என்று விரட்டி விடவில்லை. இன்றைக்கு ஷட்டர் தரையைத் தொடுகிறது, படிக்கட்டு வரை சரக்கு. படுப்பதற்கு இடம் ஏது?

எல்லாம் பொன் இல்லை!

பழைய காலம் என்றாலே தேனும் பாலும் ஓடியது என்று எழுதிவிட முடியாது. காபி கிளப்புகளை நினைத்து உருகுகிறவர்கள் 'பிராமணாள்' போர்டை மறந்துவிடுகிறார்கள். சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு 1957ல் பெரியார் கட்சியார் மாதக்கணக்கில் மறியல் செய்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். உள்ளே உட்கார விடாத கடை ஒழிந்தால் யாருக்கு நஷ்டம்?

ஆனால் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு அப்படியல்ல. "அண்ணே, ஒண்ணாந்தேதி குடுத்துடறேன், எழுதிக்கோங்க" என்று சொல்லி அரிசி வாங்கிய குமாஸ்தா குடும்பங்கள் எத்தனை! வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. பையன் போனால்கூட சாமான் கிடைக்கும். இன்று செல்போனைக் காட்டினால் 'டொய்ங்' என்று பணம் போகிறது. கையில் பணம் இல்லாதவனுக்கு அந்த டொய்ங் கேட்காதே!

பௌர்ணமி வாடகை

கடைகள் ஏன் போயின? பித்தளையை எவர்சில்வர் தின்றது, எவர்சில்வரை பிளாஸ்டிக் கடித்தது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. இந்த ஊருக்கென்று வந்தது பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டம் 1990களுக்குப் பிறகு லட்சக்கணக்கில் பெருகியது. மாதத்தில் 2 நாள் கூட்டத்தை வைத்து 30 நாள் வாடகை பேசுகிறார்கள். குடை ரிப்பேர்காரர் அந்த வாடகையை எங்கே போய்க் கொடுப்பார்?

1960ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் பழைய குடித்தனக்காரருக்குக் குடை பிடித்தது. சும்மா காலி பண்ணச் சொல்ல முடியாது. தாத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டே கட்டடத்துக்காரரை அழவைத்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. இனி ஒப்பந்தம் எத்தனை நாளோ, கடை அத்தனை நாள்.

அடுத்த வருஷமே இன்னொரு அடி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கிரிவலத்தை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 2 வருஷம் பௌர்ணமிக் கூட்டம் கிடையாது. வெளியூர்க்காரரை மட்டும் நம்பிய வியாபாரம் என்ன பாடுபடும் என்று சொல்லவா வேண்டும்? அப்போதும் அரிசி, பருப்பு, மாத்திரை வாங்கியது உள்ளூர்க்காரர்தான்.

2023ல் ராஜகோபுரத்துக்கு எதிரே கடை வளாகம் கட்டப் புறப்பட்டார்கள். கோபுரத்தை மறைக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பி, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப் போச்சு: அங்கே யாருக்கு என்ன விற்பதாக உத்தேசம்?

2024ல் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. அதே வருஷம் மே மாதம் சென்னை கடற்கரையில் இருந்து நேர் ரயிலும் வந்துவிட்டது. கூட்டம் இன்னும் ஏறும், வாடகையும் ஏறும். தனியார் கட்டடத்தில் யாரும் கை வைக்க முடியாது, சரி. கோயிலுக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமான கடைகள் இருக்கின்றனவே! கோயில் கடைக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை வாடகையைத் திருத்த கமிட்டி உட்காருகிறது. அடுத்த தடவை உட்காரும்போது, 10 கடைக்கு 2 கடை உள்ளூர்க்காரருக்கு வேண்டிய தொழிலுக்கு என்று குறைந்த வாடகையில் ஒதுக்கினால் என்ன? ஒரு நாட்டு மருந்துக் கடை, ஒரு ரிப்பேர் கடை, பெஞ்சு போட்ட ஒரு காபிக் கடை. ஷட்டருக்கு வெளியே 2 அடி திண்ணையும் கட்டி விடட்டும்.