சிறியோருக்குரிய பரிசு யாருக்கு?

வீடியோ விளையாட்டு என்றாலே, "படிப்பைக் கெடுக்கும்" என்று பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், திரைப்படத்தைப் போலவே கதை, ஓவியம், இசை ஆகிய மூன்றும் கூடி உருவாகும் கலை அது என்பதை மறுக்கலாகாது. கலை என்றால் விருது உண்டு. விருது என்றால் வழக்கும் உண்டன்றோ!

இவ்விளையாட்டுகளைப் பெரும் பொருட்செலவில் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் ஒருபுறம். கைப்பணத்தைப் போட்டு, ஒருவர் இருவராய் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சுயேச்சைப் படைப்பாளர்கள் மறுபுறம். 2014 முதல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த சுயேச்சை விளையாட்டுக்கென்றே ஒரு விருது வழங்கப்படுகிறது. சிறியோரை உலகுக்குக் காட்டும் விருது அது.

2023இல் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று 'டேவ் தி டைவர்'. நல்ல விளையாட்டுதான். ஆனால் அதைத் தயாரித்த மின்ட்ராக்கெட், நெக்ஸான் என்னும் பெருநிறுவனத்தின் கிளை! அது சுயேச்சையானது எப்படி?

அந்த ஐந்தனுள் இடம்பெறாத ஒன்று 'வெண்பா'. கனடாவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் படைப்பு. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை அது. அவர் கையில் இருக்கும் சமையல் குறிப்பேடோ கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லி சரியாக வேகும் என்பதை விளையாடுவோரே யோசித்துக் கண்டறிய வேண்டும். (எங்கள் அம்மாக்கள் விளையாடினால் முதல் மதிப்பெண் அவர்களுக்கே!) அவ்விழாவில் புதியவர்களின் முதற்படைப்புக்கான பிரிவில் 'வெண்பா'வின் பெயர் இருந்தது, பரிசு கிட்டவில்லை.

ஆனால் 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது முதற்படைப்புப் பிரிவில் அதற்குக் கிடைத்தது. சுயேச்சை விளையாட்டு விழாவின் பெரும் பரிசும் அவ்வாண்டு அதற்கே. அப்பரிசு ஷேமஸ் மெக்நாலி என்னும் கனடா இளைஞரின் பெயரைத் தாங்கியது. குடும்பத்தாரோடு சேர்ந்து விளையாட்டுகளை உருவாக்கிய அவர், 2000இல் 'ட்ரெட் மார்க்ஸ்' என்ற விளையாட்டுக்காக இதே பெரும் பரிசைப் பெற்றார். அவ்வாண்டே புற்றுநோயால் மறைந்தார். பின்னர் பரிசுக்கு அவர் பெயரையே சூட்டினர். இத்தகைய பரிசு யாருக்குச் சேர வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்கிறதே!

2025இல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் நடந்தது எங்களை மேலும் யோசிக்க வைத்தது. பிரான்ஸ் நாட்டின் 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையும், சிறந்த சுயேச்சை விளையாட்டு விருதையும் ஒரே இரவில் வென்றது. தகுதியுள்ள படைப்பு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும், ஏறத்தாழ ஒரே மனிதரின் எட்டாண்டு உழைப்பான 'புளூ பிரின்ஸ்' அதே சுயேச்சைப் பிரிவில் வெறுங்கையோடு திரும்பிற்று. பெரிய பரிசை வென்றவருக்குச் சிறிய பரிசும் வேண்டுமா?

நம் விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்பு மாணவியரின் ஓட்டத்தில் பத்தாம் வகுப்பு மாணவியரை நிறுத்துவதில்லை. சிறியவள் ஒருத்தி பெரியவர்களோடு ஓட விரும்பினால் அது வேறு; கைதட்டி வரவேற்போம். லூக்கா கலான்டே என்பவர் தனியாய்த் தொடங்கிய 'வாம்பயர் சர்வைவர்ஸ்', 2023இல் 'எல்டன் ரிங்' போன்ற பெரும் படைப்பை முந்திப் பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதைப் பெறவில்லையா?

எது சிறியது என்று அளப்பது கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் எத்தனை பேர் உழைத்தனர், எவ்வளவு செலவாயிற்று, நிறுவனம் யாருக்குச் சொந்தம் என்று பரிந்துரையோடு மூன்று வரி சேர்த்து வெளியிட்டால் விழாக் குழுவினருக்கு என்ன நட்டம்?